மலை மறைந்த காலை

எங்கள் வேனில் தினமும் ஒன்பது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். ஓட்டியவர் என் கணவர் சேகர். அவருக்கு வலிப்பு வந்தது எங்கள் இருவருக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். இதை மறைத்துவிட்டு அண்ணாமலையார் செய்த உதவியை மட்டும் சொன்னால் அது பொய்ச்சாட்சி. அதனால் என் பாவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2002 ஆடி மாதம். ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். காலையில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். கை கால் இழுத்தது, வாயில் நுரை. டாக்டர் இனி வண்டியைத் தொடவே கூடாது என்றார். மறுநாளே இவர் சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

"வேணாங்க" என்று தடுத்தேன்.

"வேற யாரு ஓட்றது? நீ லைசென்ஸ் எடு மீனா. எடுத்த அன்னிக்கே சாவிய குடுத்துடறேன்."

அன்றே எல்.எல்.ஆர். போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வறண்ட ஏரிக்குள் அவரே கற்றுக்கொடுத்தார். மற்ற நாட்களில் அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கையை ஹேண்ட் பிரேக் மேலேயே வைத்திருப்பேன். பின்னால் பிள்ளைகள் பாட்டுப் பாடும். நான் சாலையைப் பார்க்கவில்லை. அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். துடித்தால் பிரேக்கை இழுக்க வேண்டும். மூன்று மாதம் இப்படி. 'அப்பா, லைசென்ஸ் வர்ற வரைக்கும் இவர் கையைப் பிடிச்சுக்கோ' என்பதுதான் அண்ணாமலையாரிடம் என் ஒரே வேண்டுதல்.

ஐப்பசியில் வேங்கிக்காலில் டெஸ்ட். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை எடுத்தேன். பழம் நசுங்காமல் வழுக்கி ஓடிவிட்டது. சகுனம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் நன்றாகத்தான் ஓட்டினேன். ஒரு வளைவில் திரும்பியதும் அண்ணாமலை முழுசாகத் தெரிந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்? மலைதான் எங்களுக்கு சாமி; கண்டால் கை தானாகக் குவிந்துவிடும். இரண்டு கையும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டன. வண்டி பள்ளத்தை நோக்கி இழுத்தது. பக்கத்தில் உட்கார்ந்து டெஸ்ட் எடுத்த பிரேக் இன்ஸ்பெக்டர் எட்டிப் பிடித்துத் திருப்பினார்.

"ஸ்டியரிங்க வுட்டுட்டு கும்புடுறீங்களேம்மா! அடுத்த வாரம் வாங்க."

அந்த ஒரு வாரம் நான் சாப்பிடவே இல்லை. வியாழக்கிழமை, பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அவர் உதடு ஒருமுறை துடித்தது. நான் கத்தினேன். ஓரம் கட்டினார். தானாகவே அடங்கிவிட்டது.

மறு டெஸ்ட் அன்று காலையில் வெளியே வந்து பார்த்தால் மலையே இல்லை. மழை மேகம் அடிவாரம் வரை மூடியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "என்னைக் கைவிட்டுட்டியா? முகத்தைக்கூட காட்ட மாட்டியா?" என்று நடுத்தெருவில் நின்று சண்டை போட்டேன்.

அதே சாலை, அதே வளைவு. பழக்கத்தில் கண் வலது பக்கம் போகப் பார்த்தது. அங்கே வெறும் வெள்ளை. கண்ணை சாலைக்குக் கொண்டுவந்தேன். எதிரே புல்லுக்கட்டோடு ஒரு சைக்கிள், தடுமாறி நேராக என் வண்டிக்கு முன்னால் விழுந்தது. பிரேக்கை அழுத்தினேன். ஒரு முழ இடைவெளியில் வண்டி நின்றது.

இன்ஸ்பெக்டர் மூச்சு விட்டார். "போதும்மா. பாஸு."

லைசென்ஸ் கைக்கு வந்த அன்று சொன்னபடி சாவியைக் கொடுத்தார். அடுத்த திங்கட்கிழமை நான் ஓட்டினேன், அவர் என் பழைய சீட்டில். பாதி வழியில் ஏதோ தட்டும் சத்தம். அவர் கால் தகரத்தை உதைத்துக்கொண்டிருந்தது. கண் மேலே செருகியிருந்தது. எதிரே கருங்கல் ஏற்றிய லாரி. நான் மெதுவாக ஓரம் கட்டினேன். லாரி கடந்து போனது. பின்னால் பிள்ளைகள் இன்னும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலமே ஒன்பது வீட்டுக்கும் நடந்து போய் உண்மையைச் சொன்னேன். ஒரு தாய் என்னை அறைந்தாள். வாங்கிக்கொண்டேன். இரண்டு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். மற்ற ஏழு பேரையும் அதன் பிறகு நான்தான் அழைத்துப் போனேன்; இன்றும் வேன் ஓட்டுவது நான்தான். அவர் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறார், சாவியைத் தொடுவதில்லை.

உங்கள் கண்ணுக்கும் ஒரு நாள் சாமி தெரியாமல் போகலாம். என்னைப் போலச் சண்டை போடுங்கள், தப்பில்லை. ஆனால் நம்பிக்கையை விட்டுவிடாதீர்கள். அண்ணாமலையார் அன்று மேகத்துக்குள் மறைந்துகொண்டதால்தான் அந்த சைக்கிள்காரர் உயிர் பிழைத்தார். இப்போதும் வளைவில் மலை தெரியும். நான் திரும்புவதில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, இறங்கினப்புறம் கும்பிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறேன்.