பெட்டிக்கு மட்டும் சங்கிலி

கல்கத்தா பவானிபூரில் எங்கள் எதிர் வீட்டுப் பட்டு மாமிக்கு ரயில் என்றாலே பற்றிக்கொண்டு வரும். சும்மாவா வரும்? 1994-இல் சென்னைக்குப் போகும்போது, அவள் கணவர் சுந்தரேசன் ஏறியதும் செய்த முதல் வேலை, பெட்டியைச் சங்கிலி போட்டு சீட்டுக்கு அடியில் இருந்த வளையத்தோடு பூட்டியதுதான். இரண்டு முறை இழுத்தும் பார்த்தார். அப்புறம் மேல் படுக்கையில் ஏறித் தூங்கினார். ராத்திரி வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றதில் அங்கிருந்து கீழே விழுந்தார். முதுகெலும்பு போயிற்று. பெட்டி ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

பேங்க் ஆபீசராக இருந்த மனுஷர் அன்றிலிருந்து கட்டிலோடு கிடக்கிறார். நியாயம் கேட்கப் போன மாமியிடம் ஒரு அதிகாரி, "தூக்கத்துல புரண்டது அவர் தப்பும்மா" என்றாராம். தூங்குகிறவன் புரளாமல் பிணம் மாதிரியா கிடப்பான்?

2003-இல் மாமியின் மகள் பத்மஜா ஒரு கல்யாணத்துக்காகத் தனியாகச் சென்னை கிளம்பினாள். கிடைத்தது மேல் படுக்கை. இடம் மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கீழ் சீட்டுக்காரர்களிடம் மாமி கெஞ்சினாள். ஒருவரும் மசியவில்லை. கட்டில் நாடாவை இரட்டையாக மடித்துத் தைத்து, பழைய பள்ளிக்கூடப் பையின் பக்கிளை வைத்து, வீட்டிலேயே ஒரு பெல்ட் செய்து கொண்டுவந்திருந்தாள் மாமி. வழியனுப்பப் போன நானும் மாமியும் ஹௌராவில் வண்டிக்குள் ஏறி, பலகையைச் சுற்றி அதைக் கட்டினோம்.

"அம்மா, எல்லாரும் பாக்கறா. மானம் போறது!"

"போகட்டும்டீ. இடுப்பு இருக்கட்டும்."

வங்காளி டிக்கெட் பரிசோதகர், பெரியம்மா என்று மரியாதையாகக் கூப்பிட்டுச் சிரித்தார். "மாஷிமா, இது என்ன ப்ளேனா?"

மாமி வங்க மொழியிலேயே பிடித்துக்கொண்டாள். "ப்ளேன்ல ரெண்டு மணி நேரத்துக்கு பெல்ட் போடறேள். இங்கே ஒரு நாளைக்கு மேலே படுத்துண்டு போறவா மனுஷா இல்லையா? பெட்டிக்குச் சங்கிலி போட வளையம் வெச்சிருக்கேளே, எங்க பொண்ணுக்கு என்ன வெச்சிருக்கேள்?" அவர் அடுத்தவர் டிக்கெட்டைப் பார்க்க நகர்ந்தார். பெல்ட் போட்டுக்கொள்வதாகப் பத்மஜாவிடம் சத்தியம் வாங்கிய பிறகுதான் மாமி இறங்கினாள்.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. நான் அங்கேதான் இருந்தேன்; பத்மஜா போட்ட சத்தம் கட்டில் வரைக்கும் கேட்டது.

"அம்மா, ராத்திரி சடன் பிரேக். பாதி உடம்பு வெளியில வந்துடுத்து. பெல்ட்தான் பிடிச்சுது." அதோடு அழுகை. "காலம்பற பாத்தா பெட்டியைக் காணோம். பூட்டவே இல்லைம்மா நாம!"

கட்டிலிலிருந்து சுந்தரேசன் பதறினார். "பெட்டியா? சங்கிலி போடலையா?"

ரிசீவரைக் கையில் பிடித்தபடியே மாமி அவர் பக்கம் திரும்பினாள். ஒன்பது வருஷக் கோபமும் குரலில் இருந்தது.

"ஆமாம், போடலை! பொண்ணைக் கட்டற அவசரத்துல பெட்டியை மறந்துட்டேன். எவனோ தூக்கிண்டு போகட்டும்!"

அந்தப் பெட்டியில் நான் இரவல் கொடுத்த அரக்குக் காஞ்சிபுரம் புடவையும் இருந்தது. போகட்டும்.