வேனுக்குள் எரிந்த விளக்கு

ஆடி மாதத்துப் பெங்களூர் எனக்கு ஓசையாகத்தான் நினைவில் இருக்கிறது. அல்சூர் ஏரிப் பக்கமிருந்து கிளம்பும் காற்று மர்பி டவுன் சந்துகளில் நுழைந்து, கொடியில் உலரும் துணிகளைப் படபடக்க வைத்து, எங்கள் வீட்டு ஜன்னல் கொக்கியை நாள் முழுவதும் தட்டிக்கொண்டே இருக்கும். சூரியன் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாத ஒரு சாம்பல் வெளிச்சம் காலையிலிருந்து மாலைவரை மாறாமல் நிற்கும். அந்த வெளிச்சத்தில் புத்தகம் படித்தால் பக்கங்களுக்கும் எனக்கும் நடுவே மெல்லிய திரை தொங்குவதுபோல இருக்கும். காற்று என்பது விற்பனைக்குரிய சரக்கு என்று அந்த நாள்களில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். பின்னர் அதை விற்பதே என் வேலையாயிற்று.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் மாநில அரசின் அலுவலகம் ஒன்றில், காற்றாலை நிறுவனங்களை வரவழைப்பதற்கென்று தொடங்கப்பட்ட சிறு பிரிவில் நான் இருந்தேன். அப்பாவும் இதே அரசில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் என்பதால், தமிழ் வீட்டுப் பெண்ணாக இருந்தும் கன்னடக் கோப்புகள் எனக்கு அந்நியமாக இல்லை. பிரிவில் மூன்றே பேர். எங்கள் அதிகாரி மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். என்னிடம் மட்டும், தமிழ் பேசுகிறேன் என்ற நம்பிக்கையோடு ஒரு மொழி பேசுவார். தட்டச்சர், லிங்கராஜபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் கிறிஸ்தவப் பெண்மணி. என்னைவிட மூத்தவர், கேலி செய்வதற்குக் காரணம் தேடாதவர். மூன்றாவது நான். வெளிநாட்டு விருந்தினர்களின் பயணத்தை ஒழுங்கு செய்வதும், அவர்களோடு போய்வருவதும், கேட்டதற்குப் பதில் சொல்வதும் என் பொறுப்பு.

விருந்தினர்களை நாங்கள் எப்போதும் மார்கழியிலும் தையிலும்தான் அழைத்தோம். அதுதான் பெங்களூரின் பருவம் என்பதில் எங்களில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. லால்பாக்கில் மலர்க் கண்காட்சி, காலையில் பனி, மாலையில் மெல்லிய குளிர். ஊரின் மிக நல்ல முகத்தைக் காட்டினால்தான் தொழில் வரும் என்று நம்பினோம். அந்த மாதங்களில் காற்று இருக்காது என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் விருந்தோம்பல் என்ற எண்ணத்துக்குள் அந்தச் செய்தி நுழையவே இல்லை.

ஒரு மார்கழியில் ஐரோப்பாவின் வடகோடியிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். மிக உயரமானவர், மிகக் குறைவாகப் பேசுபவர். கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒரு தொழிலதிபர் அவருடைய இந்தியக் கூட்டாளி. இருவரையும் சித்ரதுர்காவுக்கு அப்பால் ஒரு குன்றின் உச்சிக்கு அழைத்துப் போனோம். காற்றின் வேகத்தை அளக்க அங்கே ஓர் உயரமான கம்பம் நட்டிருந்தோம். அதன் தலையில் இருந்த மூன்று சிறு கிண்ணங்கள் அசையவில்லை. காய்ந்த புல்லின் மேல் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் நேர்கோட்டில் பறந்துகொண்டிருந்தன. அவற்றை விலக்கக்கூட ஒரு மூச்சுக் காற்று இல்லை.

"நேத்துகூட ஜோரா அடிச்சுது சார்," என்றார் எங்கள் அதிகாரி ஆங்கிலத்தில், இதே தொனியில்.

"இவரு கையில ஒரு விசிறி குடுத்திருக்கலாம்," என்று தட்டச்சர் என் காதருகில் முணுமுணுத்தார்.

பொறியாளர் கம்பத்தை நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். திரும்பும் வழியில், அண்டை மாநிலத்தின் கணவாய் ஒன்றில் தன் தொப்பியைக் காற்று கொண்டுபோய்விட்டதாக மரியாதையாகச் சொன்னார். காற்று வீசும்போது கூப்பிடுங்கள், ஒரு முறை வருகிறேன், அதன் பிறகு எந்த மாநிலம் என்று முடிவு செய்வோம் என்றார்.

அந்தத் தொப்பி எங்கள் அலுவலகத்தில் பல மாதம் பறந்துகொண்டிருந்தது. மேலிடத்தில் பொறுமை தீர்ந்திருந்தது. இந்த நிறுவனமும் கையெழுத்திடாமல் போனால் பிரிவை மூடுவது என்று முடிவாயிற்று. அதிகாரி தம் பழைய துறைக்குத் திரும்புவார். தட்டச்சர் வேறொரு மாடிக்குப் போவார். நான் குல்பர்கா அலுவலகத்துக்கு மாற்றப்படுவேன். எனக்கு ஆனியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை திருப்பத்தூர்க்காரர், பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. குல்பர்கா என்றால் ஓர் இரவு முழுதும் ரயில். கல்யாணப் புடவை எடுக்கப் போன கடையிலும் எனக்கு அந்த ரயிலின் ஓசையே கேட்டது.

கல்யாணத்துக்கு அதிகாரி வந்திருந்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவியவர் என்னருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஏனம்மா, ஆஷாடத்துல கல்யாணம் பண்றீங்கள்ளா? மனேல யாரும் ஏனும் சொல்லல்லவா?"

"எங்களுக்கு இது ஆனி சார். ஆடி பொறக்க இன்னும் நாள் இருக்கு."

"ரெண்டும் ஒண்ணே இல்லவா?"

"இல்ல சார். உங்களுக்கு அமாவாசையோட மாசம் முடியும். எங்களுக்கு அப்படி இல்ல. அந்த அமாவாசை எங்க ஆடிக்கு நடுவுல வரும்."

அவர் தலையாட்டிவிட்டு, வெற்றிலையை வாயில் போட மறந்து, கையிலேயே வைத்துக்கொண்டு போனார்.

விடுப்பு முடிந்து நான் திரும்பியபோது அவர் அந்தக் கேள்வியோடே உட்கார்ந்திருந்தார். குன்றில் காற்று உறுமிக்கொண்டிருக்கும் காலம் அதுதான். ஒப்பந்தத்தில் அந்தக் குன்றின் மேலேயே, எங்கள் துறை அமைச்சர் முன்னிலையில் கையெழுத்திடுவது என்று திட்டம். ஆனால் ஆஷாடத்தில் எந்த நற்காரியத்துக்கும் வரமாட்டார் என்று அமைச்சர் வீட்டிலிருந்து சொல்லிவிட்டார்கள். ஆடியில் கையெழுத்திட மாட்டேன் என்று கோயம்புத்தூர்க்காரர் தொலைபேசியில் சொல்லிவிட்டார். ஆவணி பிறந்துவிட்டால் பொறியாளருக்கு நாளில்லை, காற்றும் தளர்ந்துவிடும். இரண்டு ஊர்களின் ஆகாத மாதங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், எங்கள் காற்றுக் காலம் முழுவதும் அதற்குள் மறைந்துபோயிற்று.

"எனக்கு ஆடியும் இல்ல ஆஷாடமும் இல்ல," என்றார் தட்டச்சர், இயந்திரத்தில் தாளைச் செருகியபடி. "தள்ளுபடி போட்டா மட்டும் நான் இந்து. நான் வேணா கையெழுத்து போடறேன், கேளுங்க."

அதிகாரி சிரிக்காமல் நாட்காட்டியைப் புரட்டினார். அந்த ஆண்டு அமாவாசை சற்று முன்னதாகவே வந்தது. அதன் மறுநாள் கன்னடக்காரர்களுக்குச் சிராவணம் பிறந்துவிடும், அமைச்சருக்குத் தடையில்லை. எங்களுக்கு அப்போதும் ஆடிதான். ஆனால் ஆடிப்பெருக்கு அதற்குள் வருகிறது. அன்று புதுத் தாலிக் கயிறு மாற்றுகிறோம், விதை விதைக்கிறோம். ஆடிக்குள் இருந்தும் ஆடியின் தடை அண்டாத ஒரு நாள். நான் அதைச் சொன்னேன். அவர் கோயம்புத்தூருக்குத் தொலைபேசி செய்தார். மறுமுனையில் இருந்தவர் தம் தாயாரைக் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லி, சற்று நேரம் கழித்து, "அன்னைக்குன்னா சரிங்க," என்றார்.

ஆடி பிறந்ததும், புதுப்பெண்களுக்குரிய வழக்கப்படி என்னை மர்பி டவுனுக்கு, அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாமியார் வீட்டிலிருந்தால் மலையேறப் போகிறேன் என்று சொல்லி உத்தரவு வாங்குவது எளிதாக இருந்திருக்காது. பிரித்துவைக்கும் மாதமே என்னைப் போகவிட்டது. கிளம்பும் விடியலில் அம்மா, "ஏண்டி, பெருக்கு அன்னிக்கி ஆத்துக்குப் போவாங்க. நீ என்னா மலைக்குப் போற?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பூவைத் தலையில் வைத்தாள்.

குன்றின் உச்சியில் வேனிலிருந்து இறங்கிய அந்தக் கணத்தை எழுத எனக்கு இன்றும் சொற்கள் போதவில்லை. மேகங்கள் எங்கள் தோள்மட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தன. மார்கழியில் வைக்கோல் நிறத்தில் கிடந்த புல் இப்போது பச்சையாக எழுந்து, ஒரே திசையில் சாய்ந்து, நீர்போல அலையடித்தது. கம்பத்தின் கிண்ணங்கள் தனித்தனியாகத் தெரியவில்லை. ஒரு வெள்ளி வளையமாகச் சுழன்றன. முதல் நாள் கட்டிய ஷாமியானா பாதிச் சரிவில் ஒரு முள்மரத்தின் மேல் விரிந்து கிடந்தது. நாங்கள் பேசியது எங்களுக்கே கேட்கவில்லை. வாயசைவுகளும் பறக்கும் முந்தானைகளுமாக, எல்லோரும் கனவில் நடப்பவர்களைப்போல மெதுவாக நடந்தோம்.

பொறியாளர் கைகளை விரித்துக்கொண்டு காற்றின் மேல் சாய்ந்து நின்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

தடங்கல் குத்துவிளக்கில் வந்தது. ஐந்து முகப் பித்தளை விளக்கைப் பாறையொன்றின் மறைவில் வைத்தோம். அமைச்சர் மெழுகுவத்தியை நீட்டுவார், திரி பற்றும், அவர் கையை எடுப்பதற்குள் அணைந்துவிடும். சுற்றி நின்று கை மறைத்தோம். குடைகளைப் பிடித்தோம், குடைகள் மலர்ந்து மடங்கின. ஒவ்வொரு முறை அணைந்தபோதும் கோயம்புத்தூர்க்காரர் ஓரடி பின்னால் நகர்வதை நான் கவனித்தேன். கடைசியில் அவர் பேனாவை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். நான் கோயம்புத்தூர்க்காரர் அருகில் போய், காதுக்கு எட்டும்படி கேட்டேன்.

"என்ன சார், என்ன ஆச்சு?"

"தப்பா நினைக்காதீங்க அம்மிணி. விளக்கு நிக்கலைன்னா எப்படீங்க எழுதறது? எங்கம்மாகிட்ட போய் என்னன்னு சொல்லுவனுங்க? இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாமுங்க."

இன்னொரு நாள் கிடையாது என்பது அவருக்கும் தெரியும். பொறியாளர் என்ன தகராறு என்று கேட்டார். விளக்கு நிற்கவில்லை, அதனால் தொடங்கத் தயங்குகிறார்கள் என்று சொன்னேன். அவர் விளக்கையும் கம்பத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ சொல்லவும் செய்தார். அதைக் காற்று கொண்டுபோய்விட்டது. எனக்குக் குல்பர்கா ரயில் அங்கே, அந்த உறுமலுக்குள், தெளிவாகக் கேட்டது.

அதற்குள் அமைச்சர் பொறுமையிழந்துவிட்டார். வேட்டியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்து, எங்கள் ஆபீஸ் வேனுக்குள் ஏறி உட்கார்ந்து கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார். சற்றுப் பொறுத்துக் கண்ணாடியை விரலளவு இறக்கி, கன்னடத்தில், "எனக்கு மூச்சு முட்டுது. விளக்கை இங்கேயே கொண்டு வாங்க," என்றார்.

கொண்டு போனோம். இருக்கைகளுக்கு நடுவே, ரப்பர் விரிப்பின் மேல் விளக்கை வைத்துக் கதவைச் சாத்தியதும், அந்த உலகமே வேறாயிற்று. வெளியே குன்று முழுவதும் ஓலமிட்டது. உள்ளே ஐந்து சுடர்களும் ஏற்றப்பட்டவுடன் நிமிர்ந்து, அசையாமல் நின்றன. ஒவ்வொருவராக ஏறி, குனிந்து, வணங்கி இறங்கினார்கள். பொறியாளர் முழங்கால்களை மார்போடு மடித்து ஒரு பள்ளிப்பிள்ளையைப்போல உட்கார்ந்திருந்தார். கோயம்புத்தூர்க்காரர் சுடர்களை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, "கோயிலாட்டவே இருக்குதுங்க," என்று மெல்லச் சொல்லி, பேனாவை எடுத்தார். எங்கள் அதிகாரியின் மடிமேல் இருந்த பெட்டிதான் மேசை. கைதட்ட இடமில்லாததால் யாரும் கைதட்டவில்லை.

கார்கள் முன்னே இறங்கிப் போயின. விளக்கை என்ன செய்வதென்று கேட்க ஆளில்லை. அதை ஊதி அணைக்க யாருக்கும் மனம் வரவில்லை. வேன் ஜன்னல்களை எல்லாம் ஏற்றிவிட்டு, நான் தரையில் உட்கார்ந்து அதன் தண்டைப் பிடித்துக்கொண்டேன்.

"நல்லாப் புடிச்சுக்க மேடம். வேன் எரிஞ்சா நம்ம மூணு பேரையும் சேத்து குல்பர்காவுக்கு அனுப்பிடுவாங்க," என்று சொல்லிவிட்டுத் தட்டச்சர் தூங்கிப்போனார்.

நெடுஞ்சாலையில் மழை தூறியது. கண்ணாடிகளில் ஓடிய நீரினூடே கரும்பச்சை வயல்களும் லாரிகளும் உருகி உருகிக் கடந்தன. எண்ணெய் வாசனையும் வெதுவெதுப்பும் என்னைச் சூழ்ந்திருந்தன. நான் விழித்திருந்தேனா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சிராவைக் கடந்தபோது ஒரு சுடர் தானாக அடங்கியது. பிறகு மற்றவை. தும்கூருக்குச் சற்று முன்னால் கடைசிச் சுடர் நீலமாகி, திரியின் நுனியில் ஒரு சிவப்புப் புள்ளியாகத் தங்கி, போயிற்று. பித்தளை மட்டும் நெடுநேரம் சூடாக இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் அல்சூர் ஏரிக்கரையில் இறங்கிக்கொண்டேன். பஸ் நிறுத்தத்தில் என் கணவர் நின்றிருந்தார். ஆடியில் நாங்கள் சந்திக்கக் கூடாது. அதனால் அவர் என்னைப் பார்க்காதவர்போல ஏரியைப் பார்த்தபடி பேசினார்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்."

"தொழிற்சாலை அந்தப் பக்கமில்ல?"

"காத்து தள்ளிக்கினு வந்துடுச்சு." தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "குல்பர்காவா?"

"இல்ல. கையெழுத்து ஆயிடுச்சு."

என் கையைப் பிடித்தவர், உடனே அதை முகர்ந்து பார்த்து, "என்னா, கோயிலுக்குப் போய்ட்டு வந்தியா?" என்று கேட்டார். எண்ணெய் என் உள்ளங்கையில் கோடுகளுக்குள் இறங்கியிருந்தது. சொல்லத் தொடங்கினேன். சந்து முனைவரை சொல்லிக்கொண்டே வந்தேன். அதற்கு மேல் அவர் வரக் கூடாது. வீட்டில் அம்மா சித்ரான்னங்களை மூடி வைத்துக் காத்திருப்பாள். முனையில் நின்று, மிச்சத்தை ஆவணியில் சொல்கிறேன் என்றேன். ஆவணி பிறந்ததும், பெங்களூரிலேயே, எங்கள் வீட்டில் சொன்னேன்.