‘சிந்தவில்லை’ என்று எழுதிய நாட்கள்

2006 மார்ச் 14, செவ்வாய். ஐந்து மணிக்கு எழுந்தேன். ஆறரைக்கு அப்பாவைக் குளிப்பாட்டி, ஏழே முக்காலுக்கு இட்லி ஊட்டினேன். அப்பாவுக்காக வைத்திருந்த நோட்டில் எழுதினேன்: ‘மூன்று இட்லி. சிந்தவில்லை.’

அப்பா வெங்காய மண்டியில் தரகராக இருந்தவர். மறதி நோய் வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. சோற்றை உருட்டி வாய்க்குக் கொண்டுபோகும்போது பாதி வேட்டியில் விழும். எனக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் ஸ்பூனை எடுத்தேன். அதன்பின் வேட்டி சுத்தமாக இருந்தது. நானும் நேரத்துக்குப் பாடம் எடுக்கப் பள்ளிக்கூடம் போனேன்.

அன்று லீவு போட்டிருந்தேன். டாக்டர் சொல்லி, ஆக்குபேஷனல் தெரபி படித்த பெண் ஒருவர் மதுரையிலிருந்து வந்தார். குளிக்க, உடுத்த, சாப்பிட அப்பாவால் இன்னும் எவ்வளவு முடியும் என்று பார்த்து, எனக்குச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. எனக்கென்ன சொல்லிக்கொடுக்க இருக்கிறது என்று நினைத்தேன்.

மதியம் தட்டை வைத்ததும் அப்பா சிலுவை போட்டார். நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள், பிசகவில்லை. பிறகு கை மடியில் விழுந்தது. வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார்.

“அவரா எடுத்து எப்பக்கா கடைசியா சாப்பிட்டாரு?” என்று அந்தப் பெண் கேட்டார்.

பழைய நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். பக்கம் பக்கமாகச் ‘சிந்தவில்லை.’ 2004 ஜூன் 2-இல் இருந்தது: ‘வேட்டியில் ரசம் கொட்டினார்.’ அதுதான் கடைசி.

அந்தப் பெண் அந்த வரியைப் படித்தார். “சிந்துனா சிந்தட்டும்னு விட்டிருக்கணும்க்கா. நெத்திக்குப் போற கை வாய்க்கும் போயிருக்கும்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உணவை அப்பா விரல்களில் வைத்து, என் கையை அடியில் கொடுத்துத் தூக்கக் கற்றுக்கொடுத்தார். பழக்கம் திரும்புமா என்று கேட்டேன். ரெண்டு வருசம் ஆயிருச்சே என்றார்.

அவர் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது அப்பா என்னைக் கேட்டார்: “வந்த புள்ளைக்கு ஊட்டிவிட்டியா தாயி?”

சாப்பாடு என்றால் யாரோ ஊட்டுவது என்றாகியிருந்தது அவருக்கு. அதையும் நான்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் காலை எழுந்ததும் முதலில் ஸ்பூனை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். அப்பா சிலுவை போட்டு முடித்ததும், இட்லித் துண்டை அவர் விரல்களில் வைத்து, அடியில் என் கையைக் கொடுத்தேன். கை எழுந்தது. வாயைத் தாண்டி நெற்றிக்குப் போனது. பிறகு நெஞ்சு, தோள்கள். இட்லி உதிர்ந்து வேட்டியெல்லாம் சிந்தியது. துடைக்கவில்லை. இன்னொரு துண்டு வைத்தேன்.