இரண்டு பனியன்களுக்கு அடியில்

"ஆபரேஷனுக்கு வந்துட்டு இப்படிச் சிரிச்ச மூஞ்சியா உக்காந்திருக்கிற ஆளை நான் பாத்ததே இல்ல சார்" என்றார் நர்ஸ்.

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் இரண்டாவது மாடி. காலை ஆறரை மணி இருக்கும். முதல் நாள் இரவுக்குப் பிறகு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பசிக்கவில்லை, பயமும் இல்லை. சுற்றுலாப் பேருந்துக்குக் காத்திருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் அக்கா தேவி, மருத்துவச் சீட்டுகள் அடங்கிய பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். எனக்கும் சேர்த்து அவளே பயந்துகொண்டிருந்தாள்.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. திருவண்ணாமலையில் கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பது தொழில். அன்று செய்துகொள்ளப் போனது லைப்போசக்‌ஷன் (தோலுக்கு அடியில் சேர்ந்திருக்கும் கொழுப்பை மெல்லிய குழாய் வழியே உறிஞ்சி எடுக்கும் சிகிச்சை). சினிமாக்காரர்கள் இடுப்பு குறைக்கச் செய்துகொள்வது என்றுதான் அதுவரை கேள்விப்பட்டிருந்தேன். எனக்குக் குறைக்க வேண்டியிருந்தது இடுப்பு இல்லை. மார்பு.

இதைப் படிக்கிற ஆண்களில் சிலருக்கு இந்த ஒரு வார்த்தையே போதும், மிச்சம் புரிந்திருக்கும். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பதிமூன்று வயதில் இடது மார்புக் காம்புக்குக் கீழே புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. சட்டை உரசினால் வலித்தது. சில மாதங்களில் வலது பக்கமும் வந்தது. "வயசுக் கோளாறுடா, தானா போயிடும்" என்றார் அம்மா. அவர் சொன்னது தவறும் இல்லை. பெரும்பாலான பையன்களுக்கு ஓரிரு வருடத்தில் கரைந்துவிடும் என்று பிற்பாடு மருத்துவர்கள் சொன்னார்கள். எனக்குக் கரையவில்லை. வலி போனது, வீக்கம் தங்கிவிட்டது. பத்தாம் வகுப்பில் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன்.

அதன் பிறகு என் வாழ்க்கையே மறைப்பதுதான். கோடையிலும் இரண்டு பனியன், அதற்கு மேல் அடர்ந்த நிறத்தில் பெரிய சட்டை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு தடித்த டைரி. தோள்களை முன்னால் குவித்து நடக்கப் பழகிக்கொண்டேன்.

கொழுப்புதானே, ஓடினால் கரையும் என்று நினைத்தேன். ஆறு மாதம் விடியற்காலையில் கிரிவலப் பாதையில் ஓடினேன். அடி அண்ணாமலையில் கடை திறக்கும் ஆட்கள் என்னைப் பார்த்து நேரம் சொல்லும் அளவுக்குத் தவறாமல் ஓடினேன். தொப்பை போனது, கன்னம் ஒட்டியது, பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. மார்பு மட்டும் அப்படியே இருந்தது. உடம்பு மெலிந்ததில் அது முன்னைவிட ஜாஸ்தியாகத் தெரிந்தது. அதோடு ஓட்டத்தை நிறுத்தினேன்.

வீடியோ தொழிலுக்கு வந்ததற்கும் இதுவே காரணம் என்று சொல்லலாம். கேமராவைப் பிடித்திருப்பவனை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அந்தத் தொழிலில் ஒன்றிலிருந்து தப்ப முடியவில்லை: நலங்கு. மணமகனைச் சட்டையில்லாமல் மணையில் உட்கார வைத்து, உறவுக்காரப் பெண்கள் மஞ்சளும் எண்ணெயும் பூசிக் கேலி பேசுவார்கள். எத்தனையோ மாப்பிள்ளைகளின் நலங்கை அருகில் நின்று படம் பிடித்திருக்கிறேன். அந்த மணையில் என்னை ஒரு நிமிடம்கூட வைத்துப் பார்க்க முடிந்ததில்லை.

அதனால் இரண்டு பெண்களை வேண்டாம் என்றேன். மூன்றாவதாகக் கீழ்பென்னாத்தூரில் ஒரு பெண் பார்த்தார்கள். பெயர் வாணி. நர்சரிப் பள்ளியில் ஆசிரியை. பெண் பார்க்கப் போன இடத்தில் என் சட்டைப் பையைப் பார்த்து, "டைரி விழுந்துடப் போவுதுங்க" என்று அவளே முதல் வார்த்தை பேசினாள். எனக்குப் பிடித்துப் போயிற்று. வீட்டுக்கு வந்து, வேண்டாம் என்றேன்.

பெண் வீட்டுக்குப் பதில் போகும் முன்பே, மறுநாள் அக்கா பேருந்து ஏறி என் வீடியோ கடைக்கு வந்துவிட்டாள். அப்பா இல்லாத வீட்டில் அவள்தான் எனக்கு எல்லாம்.

"இன்னாடா கொற அந்தப் பொண்ணுகிட்ட?"

"அவகிட்ட ஒண்ணும் இல்லக்கா. என்கிட்டதான்."

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சட்டையைக் கழற்றினேன். பிறகு பனியன். பிறகு இன்னொரு பனியன். பதினான்கு வருடத்தில் இன்னொருவர் முன்னால் அதுதான் முதல் தடவை. அக்கா சிரிக்கவில்லை. அவள் கண் கலங்கியது.

"இதுக்காடா மூணு பொண்ண வேணாம்னு சொன்ன? மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? சட்டைய போடு, டாக்டர்கிட்ட போலாம்."

அன்று மாலையே போனோம். எங்கள் ஊர் மருத்துவர் வயதானவர், பொறுமைசாலி. இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார். விதைப்பைகளையும் சோதித்தார். கல்லீரலுக்கும் ஹார்மோனுக்கும் (உடல் வளர்ச்சியை ஆளும் சுரப்பு நீர்) ரத்தப் பரிசோதனை எழுதினார். முடிவுகள் வந்ததும் சொன்னார்.

"எல்லாம் நார்மல். இது கைனகோமாஸ்டியா (ஆண்களுக்கு மார்புச் சுரப்பித் திசு பெருத்துவிடுவது). நோய்னு பயப்பட வேணாம்."

"இதுக்குப் பேரு இருக்குதா டாக்டர்?"

"பேரும் இருக்குது, ஆளும் இருக்குது. இந்த மாசம் நீ மூணாவது ஆளு."

மூன்றாவது ஆள்! எங்கள் ஊரில், என்னைப் போலவே தோளைக் குவித்துக்கொண்டு இன்னும் இரண்டு பேர் நடக்கிறார்கள். வெளியே வந்து அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். "உடம்புக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னதுக்கா இந்த ஆட்டம்?" என்றாள். பட்டப்பெயர் மட்டுமே இருந்த ஒன்றுக்கு முதல்முறையாக ஒரு நல்ல பெயர் கிடைத்திருக்கிறது என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது?

எங்கள் ஊர் மருத்துவர்தான் சென்னையில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் (உடலின் தோற்றத்தையும் அமைப்பையும் சீர்செய்யும் அறுவை மருத்துவர்) அனுப்பினார். போய்ப் பார்த்தால் பெண் மருத்துவர். எனக்கு வியர்த்துவிட்டது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சட்டைய கழட்டிட்டு நிமிந்து நில்லுங்க" என்றார். நின்றேன். "நிமிந்துன்னு சொன்னேன்" என்றார். நான் நிமிர்ந்துதான் நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் பேசியதை முடிந்தவரை அப்படியே தருகிறேன். இதற்குப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான்.

"இது எடை கொறைக்கிற வழி இல்ல. குண்டா இருக்கறவங்க ஒல்லியாகறதுக்கு இதைப் பண்ண மாட்டோம். ஓடினாலும் பட்டினி கெடந்தாலும் கரையாத ஒரு எடத்துல வடிவத்தைத் திருத்தறது, அவ்வளவுதான். உங்களுக்குக் கொழுப்பும் இருக்கு, காம்புக்கு அடியில கெட்டியா சுரப்பியும் இருக்கு. கொழுப்பை உறிஞ்சலாம். சுரப்பி குழாய்ல வராது, சின்னதா கீறி வெட்டித்தான் எடுக்கணும்."

ஆபத்துகளையும் ஒளிக்கவில்லை. ரத்தமோ நீரோ உள்ளே கோத்துக்கொள்ளலாம். தோல் பள்ளமாகலாம். மரத்துப் போகலாம். ரத்தக் கட்டி நுரையீரல்வரை போய் உயிருக்கே ஆபத்தாவதும் அபூர்வமாக உண்டு.

"இது அழகுக்கான ஆபரேஷன். பண்ணாம விட்டாலும் நல்லா இருப்பீங்க. யாருக்காகப் பண்ணிக்கறீங்க?"

கல்யாணத்துக்காக என்று சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு. "எனக்காகத்தான் மேடம். நான் பதிமூணு வயசுலேர்ந்து சட்டை போடாம வெளிய நின்னதே இல்ல."

வாணியைப் பற்றியும் சொன்னேன். தலையசைத்தார். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டு வாங்க. கல்யாணத் தேதி வச்சுட்டு வராதீங்க. வீக்கம் வடிய மாசக்கணக்குல ஆகும்."

வாணியிடம் சொல்வதுதான் கடினம் என்று நினைத்தேன். அடுத்த பௌர்ணமிக்கு அவர்கள் குடும்பத்தோடு கிரிவலம் வந்தபோது அக்கா எப்படியோ பேசி, எங்கள் இருவரையும் கூட்டத்துக்குச் சற்றுப் பின்னால் நடக்க விட்டாள். ரமணாசிரமத்தில் ஆரம்பித்த பேச்சை அடி அண்ணாமலையில்தான் முடித்தேன். என்னை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு என்றும் சொன்னேன்.

"அதனாலதான் குனிஞ்சே நடக்கறீங்களா? நான் உங்களுக்கு முதுகு வலின்னு நெனச்சேன்! எங்கம்மாகூட தைலம் குடுக்கணும்னு சொல்லிட்டு இருந்தாங்க" என்றாள்.

நான் சிரித்த சிரிப்பில் முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பண்ணாட்டியும் எனக்குச் சம்மதம்தான். ஆனா ஆசையா இருந்தா பண்ணிக்கங்க. நான் காத்திருக்கறேன்."

அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. நன்றாக இருக்கும் உடம்பில் கத்தி எதற்கு என்று இரண்டு நாள் அழுதார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. மருத்துவர் சொன்ன ஆபத்துகள் எனக்குத் தெரியும், அவருக்குச் சொல்லவில்லை. கடைசியில் அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள். "உன் புள்ள கடைசியா எப்பம்மா வாசல்ல நின்னு தண்ணி ஊத்திக்கினான்?" அம்மா யோசித்தார். மறுநாள் என் பையில் விபூதிப் பொட்டலம் இருந்தது.

அன்று காலை அறுவைச் சிகிச்சை அறையில் முதலில் கண்ணாடி முன் நிற்க வைத்துப் பேனாவால் மார்பில் வட்டம் வட்டமாக வரைந்தார்கள். படுத்தால் கொழுப்பு சரிந்துவிடும், அதனால் நின்றபடிதான் அளவெடுப்பார்களாம். பிறகு மயக்கநிலை ஊசி (முழுத் தூக்கம் இல்லாமல் அரைத் தூக்கத்தில் வைப்பது). மரத்துப்போகும் மருந்தும் ரத்தம் கசியாமலிருக்க இன்னொரு மருந்தும் கலந்த உப்புநீரை மார்புக்குள் செலுத்தினார்கள். மார்பு முன்னைவிடப் பெரிதாக உப்பியது. "கொறைக்க வந்தா பெருசாக்கறீங்களே மேடம்" என்று நான் உளறியதாக நர்ஸ் பிறகு சொன்னார்.

வலி இல்லை. உள்ளே யாரோ தேய்ப்பதுபோல் ஓர் அழுத்தம். இளநீர் தீரும் நேரத்தில் உறிஞ்சு குழல் போடும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. முடிந்ததும் காட்டச் சொன்னேன். பாட்டிலில் சிவப்போடிய மஞ்சள் கொழுப்பு. கிண்ணத்தில் வெள்ளையாக இரண்டு துண்டுகள், நெல்லிக்காய் அளவு.

"இவ்ளோதானா?" என்றேன்.

"இவ்ளோதான்" என்றார் மருத்துவர்.

மார்பைச் சுற்றி அழுத்தச் சட்டை (வீக்கம் வடியவும் தோல் ஒட்டிக்கொள்ளவும் போடும் இறுக்கமான உடுப்பு) மாட்டினார்கள். ஆறு வாரம் கழற்றக் கூடாது, குளிக்கும்போது தவிர. கேமரா தூக்கக் கூடாது. அந்த முகூர்த்தப் பருவம் முழுவதும் என் வேலைகளை நண்பன் ரஃபீக் பார்த்துக்கொண்டான். "கட்டி எடுத்தாங்க" என்று மட்டும் அவனிடம் சொல்லியிருந்தேன்.

ஐந்தாம் நாள் குளிக்கும்போது பார்த்தேன். நெஞ்சு முழுக்க கருநீலம். வலது பக்கம் பழையபடியே பெருத்திருந்தது. ஈரத் தலையோடு தெருமுனை எஸ்.டி.டி. தொலைபேசிக் கூண்டுக்குப் போனேன்.

"மேடம், மறுபடியும் வந்துடுச்சு."

"எடுத்தது திரும்ப வராது. நீர் கோத்திருக்கும். நாளைக்கு வாங்க."

அவர் சொன்னபடி நீர்தான். ஊசியால் இரண்டு முறை நீரை எடுத்தார். சென்னைக்கும் திருவண்ணாமலைக்கும் அலைந்த அந்த வாரத்தில்தான் உண்மையாகவே பயந்தேன். இதற்குப் போகிறவர்களே, முதல் மாதத்தில் கண்ணாடியை நம்பாதீர்கள். நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, ஒரு நாள் உங்கள் தோல் நிறம் வரும்.

ஆறாம் வாரம் அழுத்தச் சட்டையை மருத்துவரே கழற்றிவிட்டார். கண்ணாடியில் ஒருவன் நின்றான். தட்டையான மார்பு. இடது ஓரத்தில் விரல் வைத்தால் தெரியும் சிறு பள்ளம். காம்புகளின் அடியில் மெல்லிய பிறைபோல் தழும்பு. "அந்தப் பள்ளம் முழுசா போகாது" என்றார். எனக்கு அது காதில் விழவே இல்லை. பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தேன், மறுபக்கம் திரும்பினேன், மறுபடி திரும்பினேன். "போதும், வெளிய பேஷன்ட் வெயிட் பண்றாங்க" என்று அவர் சிரித்தார். அன்று ஊர் திரும்பும் பேருந்தில் சட்டைக்கு அடியில் ஒரே ஒரு பனியன்தான் போட்டிருந்தேன். காற்று நேராக நெஞ்சில் பட்டது. செங்கல்பட்டு தாண்டும்வரை ஜன்னலை மூட அக்காவை விடவில்லை.

ஐந்து மாதம் கழித்துக் கல்யாணம். நலங்கு அன்று சட்டையைக் கழற்றி மணையில் உட்கார்ந்தேன். எதிரே ரஃபீக் கேமராவோடு நின்றான். சித்தி இரண்டு கையிலும் மஞ்சளை எடுத்துப் பூசினாள்.

"இன்னாடா இது, எலும்பும் தோலுமா கெடக்கற? வாணி வந்துதான் சோறு போடணும்போல!"

எல்லோரும் சிரித்தார்கள். அவ்வளவுதான். யாரும் எதையும் கவனிக்கவில்லை. நான் அத்தனை வருடம் பயந்த அந்தப் பார்வை யாரிடமும் இல்லை. நானும் சிரித்தேன், மஞ்சள் கண்ணில் வழிந்ததால் அழுததும் யாருக்கும் தெரியவில்லை.

உடம்பு ஒரே நாளில் புதிதாகிவிடவில்லை. தோள்கள் பழக்கத்தில் குவிந்துகொண்டே இருந்தன. வாணி என்னைக் கடந்து போகும்போதெல்லாம் முதுகில் ஒரு தட்டு தட்டுவாள். என் நெஞ்சு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, யார் எதிரே வருகிறார்கள், எத்தனை நிமிடம் சட்டையில்லாமல் நின்றாயிற்று என்று மனதுக்குள் ஓடும் கணக்கும் உடனே நிற்கவில்லை. எப்போது நின்றது என்றும் சரியாகச் சொல்ல முடியவில்லை.

ஆனால் ஒரு காலை நினைவிருக்கிறது. வாணியின் அப்பாவுடைய கடலைக்காட்டில் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் வந்ததுமே குழாயடியில் குளித்துவிட்டு, வரப்பில் ஏறி, இடுப்பில் ஈரத் துண்டோடு பக்கத்து நிலத்துக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன். கடலை விலை, ஊருக்குப் புதிதாக வந்த வேன், அவர் மகளின் பள்ளிக்கூடம் என்று பேச்சு எங்கெங்கோ போனது. வெயில் முதுகில் ஏறி, தோள் காய்ந்துவிட்டிருந்தது.

அவர் மோட்டார் கொட்டகையை எட்டிப் பார்த்துக் கேட்டார். "கரண்ட்டு வந்து எவ்ளோ நேரம் ஆச்சு மாப்ள?"

எனக்குத் தெரியவில்லை.