லம்துவன் காட்டாத பாதம்

அந்த வீட்டுச் சமையலறையில் சர்க்கரை டப்பா காலி. சர்க்கரை முழுவதும் இரண்டு பேர் ரத்தத்தில் இருந்தது.

ஹில்டிங், ஸ்வீடனில் ஓங்கர்மன் என்ற ஆற்றின் கரையிலேயே பிறந்து, மர அறுவை ஆலையில் உழைத்து ஓய்ந்தவன். லம்துவன் தாய்லாந்திலிருந்து அவனை மணந்து வந்தவள். இருபத்திரண்டு வருடமாக ஸ்வீடன் குளிரில் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றே வேலை பார்க்கிறாள். சர்க்கரை நோய் அவளைப் பிடித்தது இங்கு வந்த பிறகுதான்.

இரண்டு வருடம் முன்பு ஹில்டிங்கின் இடது காலில் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து தினமும் விடியலில் அவன் பாதங்களைக் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்துவிட்டுத்தான் அவள் வேலைக்குக் கிளம்புவாள். தன் பாதத்தை மட்டும் அவள் பார்த்துக்கொள்ளவில்லை. வேலைக்குப் போடும் மரச்செருப்பு நான்கு வாரமாக வலது சுண்டுவிரலின் அடியை அறுத்துக்கொண்டிருந்தது. மரத்துப்போன கால், வலியில்லை. காலுறையில் ரத்தம் கண்டபோது ஒரு பிளாஸ்திரி ஒட்டினாள். அவ்வளவுதான்.

ஊர் சுகாதார நிலையத்து நர்ஸ் குன்வோருக்கு வயது அறுபத்து மூன்று. மதியத்துக்குள் பன்னிரண்டு பேரைப் பார்த்தாக வேண்டும். அன்று லம்துவனோடு வந்த ஹில்டிங் கோட்டைக்கூடக் கழற்றாமல் காலைத் தூக்கி அவள் மடியில் போட்டான்.

"சர்க்கரை ஏறித்தான் கிடக்கு. விறகுக் கொட்டகையில பன்னு ஒளிச்சு வைக்கிறியாமே?"

"நானா? அதெல்லாம் அணில் வேலை."

"ஆனா காலு பச்சப்புள்ள காலு மாதிரி இருக்கு. யாரு பார்த்துக்கிறா?"

"இந்தா உக்காந்திருக்காளே, இவதான்."

குன்வோர் அவள் பக்கம் திரும்பினாள். "உன் சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கு லம்துவன். காலு?"

"நல்லா இருக்குக்கா."

நான்கு வருடமாக இதே பதில். குன்வோரும் அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். இன்று பேனா பாதியில் நின்றது. ஹில்டிங் காலுறை மாட்டிய பிறகும் அறையில் ஒரு வாடை போகவில்லை.

"காலுறையைக் கழட்டு."

"வேணாம்க்கா."

"வெட்கமா?"

"அதில்லக்கா. நீங்க வயசுல பெரியவங்க. உங்க பக்கம் காலை நீட்டுனா, செத்துப்போன எங்கம்மா எந்திரிச்சு வந்து அடிப்பா."

"என் பொழப்பே காலு பார்க்கிறதுதான்டி!"

குன்வோர் மெல்லத் தரையில் மண்டியிட்டாள். முழங்கால் முறிவதுபோலச் சத்தம் கேட்டது. பதறிப்போன லம்துவன் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் அமர்ந்தாள். பெரியவள் கீழே இருக்கையில் தன் தலை மேலே இருப்பதா? பாதங்களைப் பின்னால் மடக்கித் தலைகுனிந்துகொண்டாள். குன்வோர் முழங்கையை ஊன்றி இன்னும் தாழ்ந்தாள். அவளும் தாழ்ந்தாள்.

"ரெண்டு பேரும் தரையைத் தோண்டிக்கிட்டு உள்ள போகப் போறீங்களா?" என்றான் ஹில்டிங்.

"இனி என்னால எந்திரிக்க முடியாது," என்றாள் குன்வோர் மூச்சிரைக்க. "வந்ததுக்குப் பார்த்துட்டே எந்திரிக்கிறேன்."

ஹில்டிங்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி உட்கார்ந்தான்.

"கண்ணு, நான் பெரிய மனுஷன் இல்ல. பன்னு திருடன். என் மடியில வை."

லம்துவன் இரு கைகளையும் கூப்பி அவனிடம் மன்னிப்புக் கேட்டாள். பிறகு பாதத்தை வைத்தாள். காலுறை புண்ணோடு ஒட்டியிருந்தது. ஹில்டிங் அதை மெல்ல உரித்தெடுத்தான்.

"எனக்கு தினம் துடைச்சு விட்டியே... உன் காலை நான் ஒரு நாளாச்சும் பார்த்தேனா?"

குன்வோர் தரையில் இருந்தபடியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். சுண்டுவிரல் போயிற்று. பாதம் தப்பியது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்றார் டாக்டர்.

அந்த வாரம் குன்வோர் தன் நோயாளிகளின் குறிப்புகளைப் புரட்டினாள். கேட்டதை மட்டும் எழுதி, கண்ணால் பார்க்காத பாதங்கள் பத்தொன்பது பேருடையவை. அத்தனை பேரும் வேறு தேசங்களிலிருந்து வந்தவர்கள். உள்ளூர்க்காரர்கள் கேட்காமலே காலுறையைக் கழற்றிவிடுகிறார்கள். அவர்களைத் திரும்ப வரச்சொல்ல, அலுப்போடு போனில் முதல் எண்ணை அழுத்தினாள்.

லம்துவன் இப்போது பள்ளிக்கூடச் சமையலறையில் உட்கார்ந்தபடி உருளைக்கிழங்கு உரிக்கிறாள். வேலைக்குக் கிளம்பும் முன் வீட்டில் இரண்டு பேசின் வெந்நீர். தன் முறை வரும்போது தினமும் கைகூப்பித்தான் காலை நீட்டுகிறாள்.

"மன்னிச்சாச்சு, மன்னிச்சாச்சு," என்கிறான் ஹில்டிங், துண்டைப் பிழிந்தபடி. "இன்னொரு காலைக் கொடு. பஸ்ஸு போயிரும்."