ஓஹையோ வேட்பாளருக்குத் தென்னூரிலிருந்து ஒரு மனு

திருச்சி கலெக்டர் ஆபீஸ் வாசலில் அமிர்தராஜ் முப்பத்தொரு வருடம் மனு எழுதினார். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். முதலில் டைப்ரைட்டர், பிறகு லேப்டாப். மேலே இருந்த வேப்பமரம் மட்டும் மாறவில்லை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் உப்பிலியபுரத்திலிருந்து வருகிறவர்கள் அவரிடம்தான் முதலில் குறையைக் கொட்டுவார்கள். கலெக்டர் அதை இரண்டாவதாகத்தான் கேட்பார்.

அவருக்கு இரண்டு விதிகள். முகவரியும் கையெழுத்தும் இல்லாதது மனு அல்ல, வெறும் காகிதம். நகல் போடாத மனு நகராது. ஆளுங்கட்சிக்காரருக்கு எழுதினால் எதிர்க்கட்சிக்காரருக்கு ஒரு நகல். அவர் பார்த்துவிடுவாரோ என்ற பயத்தில் இவர் பார்ப்பார்.

அவருக்கென்றும் ஒரு குறை இருந்தது. மகன் ரெஜிஸ் ஆறு வருடமாக ஊருக்கு வரவில்லை. ஓஹையோவில் ஒரு கம்பெனியில் பம்புகளை இயக்கும் சாஃப்ட்வேர் எழுதுகிறான். அவனுடைய விசா முத்திரை காலாவதியாகிவிட்டது. அங்கேயே இருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஊருக்கு வந்தால் இங்கே நேர்காணல் முடித்து, புது முத்திரை வாங்கித்தான் திரும்பமுடியும். கிடைக்காவிட்டால் வேலை போய்விடும். அமிர்தராஜுக்கு வயது அறுபத்தெட்டு. நெஞ்சில் ஒரு ஸ்டென்ட்.

"எக்செல்ல போட்டுப் பாத்தேன்ப்பா. வந்தா மாட்டிக்கிறதுக்கு முப்பத்தொரு சதவீதம் வாய்ப்பு இருக்கு" என்றான் ரெஜிஸ்.

"அப்ப மீதி அறுபத்தொம்பது. ஃபர்ஸ்ட் கிளாஸ்டா."

"இந்த நவம்பர்ல எங்க ஏரியாவுல காங்கிரஸ், அதான் இங்கத்த பார்லிமென்ட், எலெக்‌ஷன். க்ளைட் ஹாஃப்னர்னு ஒரு வலதுசாரி ஆள் நிக்கிறார். அவர் ஜெயிச்சா முப்பத்தொண்ணு அம்பதாயிடும்."

அமிர்தராஜ் மறுநாளே ஹாஃப்னரின் இணையப்பக்கத்தைத் தேடிப் பிடித்து, பக்கத்து ஜெராக்ஸ் கடை ஃபெமினாவிடம் பிரிண்ட் எடுத்தார். எட்டு நிலைப்பாடுகள். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார்.

"என்ன அங்கிள், யாரு கேஸு?"

"அமெரிக்க கேஸும்மா. வரியைக் குறைப்பாராம். எல்லாரும் சொல்றதுதான். துப்பாக்கி வச்சுக்கற உரிமையைக் காப்பாத்துவாராம்."

"துப்பாக்கியையா?"

"இங்க எலெக்‌ஷன் வந்தா லைசென்ஸ் துப்பாக்கியைக்கூட ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். அங்க துப்பாக்கியோட போட்டோ எடுத்துத்தான் ஓட்டே கேக்கறாங்க. எண்ணெய்க் கிணறு நிறையத் தோண்டுவாராம்." அதில் ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டார். "டெல்டாவுல தோண்டாதீங்கன்னு நானே இருநூறு மனு அடிச்சிருக்கேன்."

"அப்ப ஆள் சரியில்லையா?"

"அவசரப்படாதே. மூணாவதைப் பாரு. கருவில இருக்கற உயிரும் குடும்பமும்தான் தேசத்தோட அடித்தளம். கோயில்ல ஃபாதர் சொல்றதுதான். எட்டாவதுதான் இடிக்குது. அரசாங்கத்தைச் சின்னதாக்கணுமாம்."

"நல்லதுதானே?"

"அரசாங்கம் சின்னதாப் போனா மனுவை யாருகிட்டம்மா குடுக்கறது? உனக்கும் எனக்கும் என்ன வேலை?"

ஏழாவதை அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை. வேலை விசாக்களைப் பாதியாகக் குறைப்பது. வெளியே போய்த் திரும்புகிறவர்களைக் கடுமையாகச் சோதிப்பது.

மேஜையின் மறுபக்கம் மூன்று பேர் காத்திருந்தார்கள். அவர்களை அனுப்பிவிட்டு, தன் மனுவை ஆங்கிலத்தில் அடித்தார். அமைப்பு மட்டும் திருச்சிதான். அனுப்புநர், பெறுநர். பொருள்: ஆறு ஆண்டுகளாகப் பெற்றோரைக் காணாத மகன் மூன்று வார விடுப்பில் வந்து திரும்ப வழிவகை வேண்டுதல் தொடர்பாக. பார்வை: தங்கள் நிலைப்பாடு எண் மூன்று. எண் மூன்றுக்கும் எண் ஏழுக்கும் முரண் உள்ளதைப் பணிவுடன் சுட்டிக்காட்டி, ஏழில் ஒரு விதிவிலக்குச் சேர்க்கும்படி கேட்டிருந்தார். கடைசியில் மகனின் முழு முகவரி, கதவு எண், போன் நம்பர். நகல்: எதிர்த்து நிற்கும் வேட்பாளருக்கு, தகவலுக்காகவும் உரிய நடவடிக்கைக்காகவும்.

"நெஞ்சு வலியை எழுதலையா?" என்று மனைவி லிசி கேட்டாள்.

"எழுதினா அது அனுதாப மனு. இது கோரிக்கை மனு."

ஐந்து வாரத்தில் பதில் வந்தது. 'அன்புள்ள நண்பர் அமிர்தராஜ், உங்கள் ஆதரவுக்கு நன்றி' என்று இரண்டே வரி. மெஷின் போட்ட கையெழுத்து. கூடவே ஹாஃப்னர் பெயர் போட்ட ஒரு ஸ்டிக்கர். முப்பத்தொரு வருடத்தில் இவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததில்லை என்பதால் அவர் அதை ஸ்கூட்டரின் பின்னால் ஒட்டிக்கொண்டார். தென்னூர் சிக்னலில் போலீஸ்காரர் நிறுத்தினார்.

"என்ன கட்சிங்க இது?"

"வலதுசாரிங்க."

"நம்ம கூட்டணியா?"

"இன்னும் முடிவாகலை."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ரெஜிஸ் கூப்பிட்டான்.

"அப்பா, என் அட்ரஸையா போட்டீங்க?"

"அட்ரஸ் இல்லாத மனுவை யாருடா பாப்பா?"

"காலையில எதிர்க்கட்சிலேருந்து ஒரு அம்மா உங்க லெட்டரோட வந்து நின்னாங்க. மத்தியானம் ஹாஃப்னர் ஆளு. எண்பது வயசு இருக்கும். எனக்கு ஓட்டே கிடையாதுன்னு சொல்றேன், கேக்காம உள்ள வந்து உக்காந்துட்டார்."

"காபி குடுத்தியா?"

"அப்பா!"

"என்ன சொன்னார், அதைச் சொல்லு."

"ஆறு வருஷமான்னு கேட்டார். ஆமான்னேன். விசா பத்தி ஹாஃப்னர் சொல்றது சரிதான், ஆனா நீ போய் உங்கப்பாவைப் பாருன்னார். அந்த எக்செல்லைக் காட்டினேன். கண்ணாடி கொண்டுவரலைன்னுட்டார்."

"பாத்தியா. மனு நகருது."

நவம்பரில் ஹாஃப்னர் ஜெயித்தார். அமிர்தராஜ் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிவந்தார்.

"உங்க புள்ள விசாவைக் குறைக்கறேன்னவன் ஜெயிச்சதுக்கா ஸ்வீட்டு?"

"பதில் போட்ட ஆளு லிசி. நாம ஓட்டுப் போட்டவங்க யாராவது போட்டாங்களா?"

டிசம்பர் பதினெட்டாம் தேதி ரெஜிஸ் வந்து இறங்கினான். ஏர்போர்ட்டில் அமிர்தராஜ் அவனைக் கட்டிப்பிடிக்கவில்லை. பெட்டியை வாங்கி, எடை எவ்வளவு என்று கேட்டார். ஜனவரியில் இருந்த விசா நேர்காணல் மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. பிறகு ஏப்ரலுக்கு. எக்செல் கணக்கு பலித்துவிட்டது. ரெஜிஸ் சம்பளமில்லா விடுப்பில் தென்னூர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். அக்கம்பக்கத்தில் விசாரித்தவர்களிடம் அமிர்தராஜ் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "என்ன பண்றது, சட்டம்" என்றார். பிறகு மீன் வாங்கப் போனார். அந்தக் குளிர்காலத்தில் அவர் வாங்கிய மீனுக்கு லிசி தனியாக ஒரு கத்தி வாங்கவேண்டி வந்தது.

திங்கட்கிழமைகளில் மகனையும் மரத்தடிக்குக் கூட்டிப்போனார். ரெஜிஸ் ஒரே நாளில் மனுக்களுக்கு மாதிரிப் படிவம் செய்துகொடுத்தான். பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும்.

"எல்லாருக்கும் ஒரே அழுகையாடா?" என்று கேட்டு அதை அழித்துவிட்டார்.

பிப்ரவரியில் ரெஜிஸே கேட்டான். "அப்பா, நேர்காணலை முன்னாடி வைக்கச் சொல்லி ஹாஃப்னருக்கு உங்க பேர்ல ஒரு மனு அனுப்புங்க."

"அனுப்பிடலாம்."

இருபது நிமிடத்தில் மனு அடிக்கிறவருக்கு இதற்கு நான்கு நாள் ஆனது. தபாலில் போட்டுவிட்டு வந்து, போட்டாயிற்று என்றார். பதில் வரவில்லை. அவரும் விசாரிக்கவில்லை.

மார்ச் இரண்டாவது திங்கட்கிழமை காலை மரத்தடியில் லேப்டாப்பைத் திறக்கும்போது வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஆட்டோவில் இறந்தார். ரெஜிஸ் பக்கத்தில் இருந்தான்.

பத்து நாள் கழித்து இறப்புச் சான்றிதழை நகல் எடுக்க ரெஜிஸ் அப்பாவின் கோப்போடு ஃபெமினா கடைக்குப் போனான். தாள்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்த ஃபெமினா ஒன்றில் நின்றாள்.

"அண்ணா, இது உங்க நேர்காணல் மனுவோட ஆபீஸ் காப்பி. அங்கிள் கையெழுத்தே போடலையே."

ரெஜிஸ் வாங்கிப் பார்த்தான். அனுப்புநர் இடத்தில் 'அமிர்தராஜ், திருச்சி' என்று மட்டும் இருந்தது. கதவு எண் இல்லை, தெரு இல்லை. நகல் யாருக்கும் இல்லை.

"வயசாயிடுச்சில்ல. மறந்திருப்பாங்க" என்றாள் ஃபெமினா.

அவன் அதே வாரத்து மற்ற மனுக்களைப் புரட்டினான். பதினாறு. பதினாறிலும் முகவரி, கையெழுத்து, நகல். ஒரு பிழைகூட இல்லை.

"எத்தனை காப்பிண்ணா?"

"சர்டிபிகேட் அஞ்சு" என்றான். "இது ரெண்டு."