கொண்டை போன மயில்

திருத்தணியில் வாங்கிய பழைய வெள்ளிக் கரண்டி உங்கள் வீட்டுப் பீரோவில் இருந்தால் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். மலையில் குழந்தைக்கு முதல் சோறு ஊட்டிய ஞாபகமாக அடிவாரத்தில் வாங்கும் சின்னக் கரண்டியைச் சொல்கிறேன். காம்பின் பின்னால் ஒரு மயில் முத்திரை இருந்தால் அது வீராசாமி ஆசாரி பட்டறையில் செய்தது. மயிலுக்குக் கொண்டை இல்லையென்றால், அவர் போன பிறகு அவர் மனைவி ரத்தினம்மாள் அடித்தது. கொண்டையில்லாத மயில் இரண்டு அருகருகே நின்றால் அதற்கு ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவள் கடையை ஒட்டிய கற்பூரக் கடை என்னுடையது.

வீராசாமி இறந்ததும் பட்டறையை விற்றுவிடும்படி அவளிடம் சொல்லாதவர்கள் இல்லை. நானும் சொன்னேன். "விக்கறதுக்கா அவரு அச்சை என் கையில குடுத்துட்டுப் போனாரு?" என்றாள். அவள் தம்பி வேணு வெள்ளியை உருக்கித் தட்டினான். அரத்தால் ராவி, மெருகு போட்டு, கடைசியில் மயில் அச்சை வைத்துச் சுத்தியால் ஒரே தட்டு தட்டுவது அவள். அச்சை வேறு யாரும் தொடக்கூடாது. கிருத்திகையன்று மலையேறும்போது மட்டும் வேணுவிடம் கொடுத்துவிட்டுப் போவாள்.

எழுபத்திரண்டாம் வருஷம் பங்குனியில் அச்சு கை தவறிக் கருங்கல்லில் விழுந்தது. மயிலின் கொண்டை சாய்வாக உடைந்துபோனது. "இன்னாமா, கோழி விக்கறியா?" என்று நான் அவளைச் சீண்டிக்கொண்டே இருந்தேன். அவளும் அதை மாற்றவில்லை. புருஷன் பிடித்த அச்சு.

அந்த ஆடிக் கிருத்திகை முடிந்து கொஞ்ச நாளில், மணவூரிலிருந்து கன்னியம்மாள் என்ற பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். கரண்டியைக் கடைப்பலகையில் வைத்தாள்.

"கிருத்திகையன்னிக்கு இங்கதாங்க வாங்கினோம். தயிர்சோறு ஊட்டினா பச்சையா பூக்குது. கொழந்த வாயில வெக்கறதாச்சே."

சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். ரத்தினம்மாள் கரண்டியை உரைகல்லில் இழுத்துத் திராவகம் விட்டாள். கோடு பச்சையாகப் பொங்கியது. வெள்ளியைவிடச் செம்புதான் அதிகம்.

கடைவீதிக்குப் பெரியவர் கோதண்டபாணி. வீராசாமியின் சிநேகிதர். அவர் முன்னால் வந்து, "எவனோ உன் அச்சைப் பாத்து போலி அடிச்சிருக்காம்மா. அப்டியே சொல்லிடு. நாங்கள்லாம் சாட்சி" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். எனக்கும் அவள் கடைமேல் சந்தேகம் துளிகூட இல்லை.

அவள் கண்ணாடி வில்லையை வைத்து முத்திரையைப் பார்த்தாள். கொண்டை இருந்த இடத்தில் அதே சாய்வான கீறல். போலி அடிப்பவன் மயிலைச் செதுக்கலாம், உடைந்த விதத்தை அப்படியே செதுக்க முடியாது. அவள் மெதுவாகத் திரும்பி, கிருத்திகையன்று அச்சை வைத்திருந்த வேணுவைப் பார்த்தாள். அவன் உலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்குச் செம்பைக் கலந்து அடித்தது அவன்தான் என்று எனக்கும் புரிந்துவிட்டது. போலி என்று ஒரு வார்த்தை சொன்னால் தம்பியும் பிழைப்பான், கடையும் பிழைக்கும். சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"போலி இல்ல நைனா. என் அச்சு தான் இது. நான்தான் ஜவாப்பு" என்றாள்.

கோதண்டபாணி தலையில் அடித்துக்கொண்டு போனார். ரத்தினம்மாள் கன்னியம்மாளுக்கு அவள் கண்முன்னால் உரைத்துக் காட்டி வேறு கரண்டி கொடுத்தாள். கொண்டையில்லாத மயில் கரண்டி எதுவானாலும் கொண்டுவந்தால் மாற்றித் தரப்படும் என்று கடை வாசலில் பலகை எழுதி மாட்டினாள். அரக்கோணத்திலிருந்தும் கனகம்மாசத்திரத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மாற்றுக் கரண்டிகளுக்காக அவள் வீட்டு வெள்ளி விளக்கு, தட்டு, குங்குமச் சிமிழ் எல்லாம் உலைக்குப் போயின. வேணுவை அவள் துரத்தவில்லை. திரும்பி வந்த ஒவ்வொரு கரண்டியையும் அவனையே உருக்கவைத்தாள். அவனோடு பேச்சு மட்டும் இல்லை.

வாங்க யாரும் வரவில்லை. மாற்றிக்கொண்டு போனவர்களே அடுத்த முறை எதிர்க்கடைக்குப் போனார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஊரில் பொய் சொன்ன கடைகளெல்லாம் ஜேஜே என்று நடந்தன. ரத்தினம்மாள் கொண்டையோடு புது மயில் அச்சு செய்துகொண்டாள். தினமும் கடையைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, உட்கார்ந்திருந்தாள்.

மறுவருஷம் ஆடிக் கிருத்திகைக்குக் கன்னியம்மாள் மறுபடி வந்தாள், தங்கையையும் தங்கையின் குழந்தையையும் கூட்டிக்கொண்டு. எதிர்க்கடையைத் தாண்டி நேரே உள்ளே வந்தாள். ரத்தினம்மாள் எடுத்துக் காட்டிய கரண்டியைத் திருப்பிப் பார்த்தாள்.

"கொண்டை வெச்சது வேணாங்க. அந்தக் கோழி தான் வேணும்."

"அதுல தான கெட்டது வந்துச்சி?"

"ஆங், வந்துச்சி. என்னுது தான்னு நீங்க சொன்னீங்களே. எந்தக் கடையில அப்டி சொல்றான்?"

ரத்தினம்மாள் பெட்டியின் அடியிலிருந்து பழைய அச்சை எடுத்தாள். முத்திரை அடிக்காத கரண்டி ஒன்றைக் கல்மேல் வைத்து ஒரு தட்டு தட்டினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, அதை ஒட்டி இன்னொரு தட்டு.

"ஒரு கோழி இருந்தா சந்தேகம், உரைச்சுப் பாக்கணும். ரெண்டு இருந்தா நான் உரைச்சிட்டேன்னு அர்த்தம்" என்றாள்.

புருஷனைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூடக் கடைவீதி பார்க்க அவள் அழுததில்லை. அன்றைக்கு முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்தாள். பிறகு உலைப்பக்கம் திரும்பி, ஒரு வருஷத்தில் முதல் தடவையாக, "வேணு, வெள்ளி எடுத்து வை" என்றாள்.